கருப்பனாருக்குக் கட்டிய மனு

எங்கள் மாமனுக்கு மலைக்காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் யூதர் என்ற சொல் எங்கள் ஊருக்கு ஏறி வந்திருக்காது. நானும் அந்தப் பாவத்தைச் செய்திருக்க மாட்டேன்.

மாமன் என் அம்மாவுக்குத் தம்பி. கொல்லிமலையில் எங்கள் சுற்றுவட்டாரத்திலிருந்து காலேஜ் வரைக்கும் போன முதல் ஆள். கீழே பட்டணத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, மலையில் பிறந்த யாரையும் விடாத அந்தக் காய்ச்சல் அங்கேயும் தேடிப் போய் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் பதினைந்து நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்து அவரைப் பிழைக்க வைத்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை. ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி ஓடி வந்த யூதர்.

டாக்டர் தப்பி வந்துவிட்டார். அவருடைய தங்கையும் தங்கையின் இரண்டு பிள்ளைகளும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் இங்கே வரவேண்டுமென்றால் சர்க்கார் அனுமதி தரவேண்டும். சர்க்கார் லேசில் தருவதாக இல்லை. இதைக் கேள்விப்பட்ட மாமனும் ஹாஸ்டலில் அவரோடு இருந்த ஏழெட்டு மாணவர்களும், அந்த மூவரை உள்ளே விடவேண்டும் என்று ஒரு மனு எழுதித் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டார்கள். நம் நாடே அடிமையாய்க் கிடக்கும்போது எவனுக்கோ மனு எழுதுகிறான்கள் என்று காலேஜில் பாதிப் பேர் சிரித்தார்களாம். மாமன் சிரிப்புக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. எங்கள் மலையிலிருந்தும் கைநாட்டு வாங்கி வருகிறேன் என்று சவால் விட்டுவிட்டு, மாசி மாதம் மிளகு பறிக்கும் சமயத்தில் வந்து சேர்ந்தார்.

கையோடு ஒரு போட்டோவும் கொண்டுவந்திருந்தார். டாக்டரின் தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஒரு பையனும் ஒரு பெண்ணும் இரண்டு பக்கமும் நிற்கிற படம். அந்தப் பெண்ணுக்கு என் வயது இருக்கும். எனக்கு அப்போது எட்டு. டாக்டரிடம் இருந்தது அந்த ஒரு படம்தான். மூவரின் பெயரும் பிறந்த நாளும் எழுதிய ஒரு தாளோடு சேர்த்து மனுவில் குத்தியிருந்தது. பார்த்தால்தான் நம் சனங்கள் நம்புவார்கள் என்று மாமன் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். இந்த விஷயத்தில் மாமன் செய்த தப்பு அது ஒன்றுதான். மிச்சத் தப்பெல்லாம் என்னுடையது.

களத்தில் ஊரைக் கூட்டினார். காகிதத்தைக் கண்டதுமே ஊர் முகம் சுளித்தது. காகிதத்தில் கை வைத்தால் காடு போய்விடும் என்பதுதான் எங்கள் ஊருக்குத் தெரிந்த சட்டம்.

"இதுனால நம்ம காட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்றார் மாமன். "சீமையில ஜெர்மனின்னு ஒரு நாடுங்க. அங்க இவுங்க சாமி கும்புடற எடத்தையெல்லாம் கொளுத்திட்டாங்க. கடையை ஒடைச்சு, ஊட்டை உட்டுத் தொரத்தறாங்க. புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேக்கறதில்லீங்க."

"எதுக்குத் தொரத்தறாங்க? இவுங்க ஏதாச்சும் களவு கிளவு பண்ணிப் போட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க. யூதராப் பொறந்ததுதான் குத்தமுங்க."

என் அப்பா மிளகுக் கூடையைத் தட்டிக்கொண்டே, "நம்ம ஊட்டுக் கூரையே ஒழுகுது. சீமைக்காரன் ஊட்டுக்குக் கூரை மேயப் போறாராமா எங்க மாப்ள," என்றார். களமே சிரித்தது. மாமனுக்குக் காது சிவந்துவிட்டது.

அந்தச் சிரிப்பை நிறுத்தியவள் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. போட்டோவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "ஏனுங்க தம்பி, ஊட்டைக் கொளுத்தறப்ப உள்ள தானியம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

பெரிய பட்டணத்தில் மாடிவீட்டில் இருந்தவர்களிடம் என்ன தானியம் இருந்திருக்கும்? மாமன் திணறியது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

"இருந்துச்சுங்க," என்றார்.

"வெதைத் தானியமுமா?"

"ஆமாங்க அக்கா."

விதையைக் கொளுத்துகிறவனை எங்கள் மலையில் மனுசக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டைவிரலை நீட்டிக்கொண்டு முதலில் பெரியம்மா வந்தாள், பின்னாலேயே ஊர் வந்தது. கொண்டுவந்த மை பாதியில் தீர்ந்துபோக, விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து அம்மா கொடுத்தாள். கிண்டல் பண்ணிய அப்பாவும் கடைசியில் கூடையை வைத்துவிட்டு வந்து விரலை அமுக்கினார்.

நானும் விரலில் கரியைப் பூசிக்கொண்டு போய் நின்றேன். "சின்னப் புள்ளைங்க கை செல்லாது கண்ணு," என்று மாமன் தாளை நகர்த்திக்கொண்டார். படத்திலிருக்கிற அந்தப் பெண்ணும் சின்னப் பிள்ளைதானே, அவளுக்கு மட்டும் எல்லாரும் கை வைக்கலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கரி விரலைப் பாவாடையில் துடைத்து அம்மாவிடம் ஒரு குட்டும் வாங்கினேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களுக்கு அநியாயம் நடந்தால் கோர்ட்டு கச்சேரிக்குப் போவதில்லை. பிராது எழுதி, மேட்டில் இருக்கும் கருப்பனார் வேலில் கட்டிவிடுவோம். அதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. கை வைத்த பிராது ஓர் இரவு கூட வீட்டில் தங்கக்கூடாது. தங்கினால் அந்த வினை வீட்டிலிருப்பவர் மேல் இறங்கும். கட்டியவர் மூன்று வெள்ளிக்கிழமை தாண்டும்வரை அதைப்பற்றி யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் பிராது பலிக்காது. இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். காலேஜ் படித்த மாமனுக்கு மட்டும் மறந்துபோயிருந்தது.

மனு அன்றிரவு அவருடைய தகரப்பெட்டியில் இருந்தது. விடிந்ததும் இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. விடிந்தபோது மாமனுக்குப் பல் கிட்டிப்போகிற மாதிரி குளிர் நடுக்கம். மூன்று கம்பளி போட்டும் அடங்கவில்லை. அந்தக் காய்ச்சல் அப்படித்தான், போனது போலப் போய்விட்டுத் திரும்பி வரும். ஆனால் அடுப்படியில் பெரியம்மா அம்மாவிடம் வேறு காரணம் சொன்னாள்.

"அத்தனை பேரு கை வெச்ச காயிதம் ராத்திரி ஊட்டுல தங்குச்சே. பின்ன என்ன ஆகும்?"

அம்மா அழுதாள். அதற்குமுன் அந்தக் காய்ச்சலில் அவள் ஓர் அண்ணனைப் பறிகொடுத்தவள்.

எனக்கு மாமன் என்றால் உயிர். அவருக்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. கை செல்லாது என்று சொன்னவருக்கு முன்னால் நானும் ஒரு காரியம் செய்து காட்டவேண்டும் என்ற வீம்பும் இருந்தது. மத்தியானம் எல்லோரும் மிளகுக்குப் போயிருக்க, மாமன் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தபோது பெட்டியைத் திறந்து மனுவை எடுத்தேன். போட்டோவும் பெயர் எழுதிய தாளும் அதோடேயே இருந்தன. மேட்டுக்கு ஓடினேன். தனியாக அங்கே போக எனக்குப் பயம். கண்ணை மூடிக்கொண்டு வேலைத் தொட்டேன். கற்றாழை நாரால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். கருப்பனாருக்கு முகம் தெரியட்டும் என்று போட்டோவை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

மறுநாள் காலை மாமனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது அதன் குணம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மார்பு விம்ம நின்றுகொண்டிருந்தேன். மாமன் எழுந்ததும் நேராகப் பெட்டிக்குப் போனார்.

அதன்பிறகு நடந்ததை நினைக்கத்தான் எனக்குப் பிடிக்காது. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். பாயை உதறினார். அம்மா தானியக் குதிருக்குள் இறங்கித் தேடினாள். அப்பா, கிண்டலை எல்லாம் விட்டுவிட்டு, களத்துக் குப்பையைக் கையால் கிளறினார். அடுத்த நாள் மற்ற மாணவர்கள் எல்லாத் தாளையும் சேர்த்துக் கலெக்டர் கச்சேரியில் கொடுக்கப்போகிறார்கள் என்று மாமன் திரும்பத் திரும்பச் சொன்னார். கால் தள்ளாடிக்கொண்டே வந்து என் முன்னால் குந்தினார்.

"கண்ணு, படம் குத்தின காயிதம் ஒண்ணு பாத்தயா சாமி?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால்தானே குற்றம், தலையாட்டினால் பரவாயில்லை என்று எட்டு வயதில் நானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அவர் வெறுங்கையோடு மலையிறங்கினார். ஒற்றையடிப் பாதையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனதைப் பார்த்தேன். மூன்று வெள்ளி கழித்துச் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று மட்டும் நினைத்தேன்.

மூன்று வெள்ளி தாண்டியும் அவர் வரவில்லை. சித்திரையில் லீவுக்குத்தான் வந்தார். வாசலில் கால் வைத்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். மாமன் பையைக் கீழே போட்டுவிட்டு மேட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

இரண்டு கோடைமழை பெய்திருந்தது. காகிதம் கூழாகி வேலோடு ஒட்டியிருந்தது. படம் வெளுத்து, எந்தப் பக்கம் படம் இருந்தது என்றே தெரியவில்லை. மாமன் அதைத் தொடாமல் வெகுநேரம் நின்றார். சாமி கும்பிடுகிறார் என்று நானும் பக்கத்தில் கைகூப்பிக்கொண்டேன்.

"அவுங்க வந்துட்டாங்களா மாமா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல கண்ணு. வா, ஊட்டுக்குப் போலாம்," என்றார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

மற்றத் தாள்களைக் கொடுத்திருக்கிறார்கள். யார் எவர் என்ற விவரமும் படமும் இல்லாமல் எதுவும் பார்க்கமுடியாது என்று கச்சேரியில் சொல்லிவிட்டார்கள். டாக்டர் வேறு படம் கேட்டுத் தங்கைக்கு எழுதினார். கப்பல் தபால். இங்கிருந்து போய் அங்கிருந்து திரும்ப மாதக்கணக்கு. ஆடியில் படம் வந்து மறுபடி மனுக் கொடுத்தார்கள். அதற்குப் பதில் வருமுன் ஜெர்மனியோடு சண்டை மூண்டுவிட்டது, தபாலும் நின்றுவிட்டது. மனு மாசியிலேயே போயிருந்தால் அந்த மூவரும் கப்பல் ஏறியிருப்பார்களா? சர்க்கார் எப்படியும் மறுத்திருக்கும் என்று மாமன் கடைசிவரை சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா, தெரியாது. சண்டை முடிந்தபிறகு அந்தத் தங்கையின் விலாசத்துக்கு இரண்டு முறை எழுதிப் பார்த்தார். பதில் இல்லை.

சண்டை தொடங்கிய அந்த வருஷம் பூஜை லீவுக்கு மாமன் வந்தபோது அவரும் அப்பாவும் களத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனபோது மாமன் சொல்லி முடித்த கடைசிப் பேச்சுத்தான் என் காதில் விழுந்தது.

"ஜெர்மன்காரருன்னு சொல்லிப் போலீசு வந்து புடிச்சுட்டுப் போயிருச்சுங்க மச்சான்."

பிடித்துக்கொண்டு போனது டாக்டரை. ஜெர்மனியில் அவர் யூதர், இங்கே சர்க்கார் கணக்கில் ஜெர்மன்காரர், எதிரி நாட்டு ஆள். எங்கோ ஒரு முகாமில் கம்பி வேலிக்குள் வைத்துவிட்டார்கள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அப்பா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜெர்மன்காரர்கள் மேல் நான் பிராது கட்டினேன், ஒரு ஜெர்மன்காரனைப் போலீஸ் பிடித்துவிட்டது. தண்ணீர்ச் சொம்பைப் போட்டுவிட்டுக் குதித்தேன்.

"பாத்தீங்களா மாமா! கருப்பனாரு கேட்டுட்டாரு!"

அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். மாமன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் இருவரும் மேற்கொண்டு ஏதாவது சொல்வதற்குள் நான் வீடுவீடாக ஓடிச் சேதி சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஊரே மேட்டுக்கு வந்தது. கை வைத்தவர்கள் ஒருவர் பாக்கியில்லை. பெரியம்மா சேவல் கொண்டுவந்தாள், அம்மா சாமைப் பொங்கல் வைத்தாள். விதையைக் கொளுத்தியவன் அகப்பட்டான் என்று எல்லாருக்கும் நிறைவு. மாமனைப் பந்தியில் நடுவில் உட்கார வைத்தார்கள். அவருக்கு நான்தான் பரிமாறினேன், இரண்டாம் முறையும் அள்ளி வைத்தேன்.

"உங்க டாக்டருகிட்ட மறக்காமச் சொல்லுங்க மாமா, சாமி கேட்டுருச்சுன்னு," என்றேன்.

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "சொல்றேன் கண்ணு," என்றார்.