இடி அண்ணனின் கீபோர்டு

அவருக்கு ஆபீசில் ‘இடி அண்ணன்’ என்று பெயர். பதினேழு வருடமாகக் குடிநீர் இணைப்பு விண்ணப்பங்களை ஒரே கீபோர்டில் தட்டித்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிவந்தார். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன அந்தக் கீபோர்டை அவர் தட்டினால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழைதான். சத்தம் வராமல் விழுந்த எழுத்து உண்மையில் விழுந்ததுதானா என்பது அவருடைய அடிப்படைச் சந்தேகம். வயர் இல்லாத மவுஸையும் தொடமாட்டார். “வாலில்லாத எலி யார் பேச்சைக் கேக்கும்?” என்பார். நியாயம்தானே.

ஒரு திங்கட்கிழமை அவர் மேஜையில் சத்தமே வராத புதுக் கீபோர்டு ஒன்று சாதுவாக உட்கார்ந்திருந்தது. பழையது ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. யாரோ மேனேஜருக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள்: தலைவலியாம்.

ஆபீசில் மற்றவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேர்மீதும் சந்தேகம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பட்டியல் வாசித்தார்.

“ஒன்பதாவதா என்னையும் சேத்துக்கோங்க.”

“நீ எதுக்கு எழுதப்போறே?”

“எழுதியிருப்பேன். மேனேஜர் அட்ரஸ் தெரியலை.”

மூன்றாம் நாள் மேனேஜர் தம் அறையைவிட்டு வெளியே வந்தார். சரித்திர நிகழ்ச்சி. மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு, அந்தத் தடதடப்பு கேட்டால் ஆபீஸ் நடக்கிறது என்று அர்த்தம். மூன்று நாளாக அது இல்லை. “எல்லாரும் லீவா?” என்று வந்தவர் கண்டது: ஒருவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இருவர் செல்போனில் செருப்பு பார்த்தார்கள். பில் பிரிவு அக்கா கண்ணை மூடித் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார். லேசாகக் குறட்டையும் வந்தது. இடி அண்ணன் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகச் சந்தேகத்தோடு தடவிக்கொண்டிருந்தார்.

எட்டுப் பேருக்கும் மெமோ.

மறுநாள் காலையில் அந்த எட்டுப் பேரும் பழைய கீபோர்டை மீட்டு, துடைத்து, ஏந்தி வந்தார்கள்.

“அண்ணே, இது இல்லாம ஆபீஸே களையிழந்து போச்சுண்ணே,” என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

“தலைவலி?”

“அது போயிடுச்சுண்ணே.”

“யாருக்குப் போயிடுச்சு?”

எட்டுப் பேரும் ஃபேனைப் பார்த்தார்கள்.

அண்ணன் கீபோர்டைக் கவிழ்த்துப் பார்த்தார், முகர்ந்தார், வயரைச் செருகினார். கைகளைத் தூக்கினார். எட்டு நாற்காலிகள் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தன. அந்தச் சாய்வுதான் அவரை உஷார்படுத்தியது. கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

“எழுதினது யாருன்னு தெரியட்டும். அப்புறம் தட்டறேன்.”

மேனேஜர் அறைக் கதவு லேசாகத் திறந்தது. எட்டுப் பேரும் பாய்ந்து ஃபைலை எடுத்தார்கள். சாயங்காலம்வரை அண்ணன் ஒரு கீயையும் தொடவில்லை. அந்த ஆபீசில் ஒரே நாளில் இவ்வளவு வேலை நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.