மாலி போட்ட கோடு

எங்கள் கல்லூரி மைதானத்தைப் பராமரிக்கும் மாலியின் கால்கள் எப்போதும் முழங்கால் வரை வெள்ளையாக இருக்கும். கால்பந்து ஆட்டத்துக்கு முன் சுண்ணாம்புக் கோடு போடுவார். கொல்கத்தா மழை அதைக் கரைத்துவிடும். இடைவேளையில் கயிறு பிடித்து மறுபடியும் போடுவார்.

அந்த வருஷம் அரையிறுதியில் நான்தான் கோல்கீப்பர். பந்து என் கையிலிருந்து வழுக்கிக் கோட்டைத் தாண்டியது. சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டேன். சேற்றில் ரெஃப்ரிக்கு ஒன்றும் தெரியவில்லை. கோலுக்குப் பின்னால் நின்ற மாலியைக் கேட்டார்.

"கோல்தான்."

தோற்றோம். "நீங்க நம்ம காலேஜ் ஆள்தானே?" என்று அவரிடம் கத்தினேன்.

"கோடு நான் போட்டது, பாபு. தாண்டினதைத் தாண்டலைன்னு சொல்லிட்டு, நாளைக்கு எப்படிப் போடுவேன்?"

புது சீசன் தொடங்கும் வங்காளப் புத்தாண்டன்று கோல்போஸ்ட்டுக்கு மாலை சார்த்திப் பூஜை செய்வது அங்கே வழக்கம். அடுத்த வருஷம் அவர் நீட்டிய பிரசாதத்தை முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த சீசனின் இறுதியாட்டத்தில் மறுபடியும் அதே அணி. நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். கடைசி நிமிஷத்தில் பந்தைக் கோட்டின் மேலேயே அமுக்கினேன். எதிரணி "கோல்! கோல்!" என்று கத்தியது. அவர்களுடைய கேப்டன் மட்டும் கையை உயர்த்தி, "மாலி தாதா சொல்லட்டும்" என்றான். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

"தாண்டலை" என்றார். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை முடித்தார்.

கோப்பையை முதலில் அவரிடம் கொடுத்தேன். "போன வருஷம் பந்து தாண்டினது எனக்கும் தெரியும், தாதா."

"தெரியாம இருக்குமா? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க."

கோப்பையில் பதிந்த அவருடைய சுண்ணாம்பு விரல்தடத்தை எங்களில் யாரும் துடைக்கவில்லை.