நாற்றமடித்த மூட்டையும் என் தங்கையின் உயிரும்

ஆண்டவர் எனக்குச் செய்த ஒரு காரியத்தை எழுதப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தச் சாட்சி கொஞ்சம் நாறும். வாசனையாக எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். எனக்கு நடந்ததை நடந்தபடிதான் எழுத வரும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். மெட்ராஸைப் புயல் அடித்துப் போட்டது. நாங்கள் ஒரகடத்துப் பக்கம், கடலை விட்டு எவ்வளவோ உள்ளே தள்ளி இருக்கிறோம். எங்களுக்கே கூரை பறந்தது, பனைமரம் முறிந்தது, ஏரி தளும்பியது. அப்படியென்றால் கடலோரத்தில் இருந்தவர்கள் கதி என்ன? என் தங்கை லில்லியைக் கட்டிக்கொடுத்தது ராயபுரத்துக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த ஒரு குப்பத்தில். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவளுக்கு அப்போது நிறைமாதம். எங்கள் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். லில்லியை வளர்த்தவள் நான்தான். தலைப்பிரசவத்துக்கு அவளை என் வீட்டுக்கு அழைத்து வருவதாக இருந்தோம். மழை விடட்டும், விடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே புயல் வந்துவிட்டது.

பஸ் இல்லை. தந்தி இல்லை. கடல் உள்ளே வந்துவிட்டது, குப்பங்கள் இருந்த இடம் தெரியவில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. முழங்கால் போட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் தங்கச்சியை உயிரோடு என் கண்ணில் காட்டு, ஆண்டவரே. அதற்கு மேல் கேட்க வார்த்தை வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் வேலை. ரோடு திறந்ததும் மில் லாரி நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகும் என்று அவர் வந்து சொன்னார். எங்கள் சபையிலும் துணி சேர்த்து அனுப்பலாம் என்று போதகர் ஐயா அறிவித்தார். நான் மாதர் சங்கச் செயலாளர். துணியோடு லாரியில் நானே போகலாம் என்றார்கள். ஆண்டவர் வழி திறந்துவிட்டார் என்று அழுதேன்.

அடுத்த நாளிலிருந்து என் வீட்டுக்கு மூட்டைகள் வர ஆரம்பித்தன.

அந்த மூட்டைகளைப் பற்றி என்ன சொல்ல? பிள்ளைகள் மூத்திரம் போய்ப் போய் மஞ்சள் பாய்ந்த பாவாடைகள். அக்குள் கிழிந்து வியர்வை நாறிய பனியன்கள். சமையல்கட்டில் பிடிதுணியாக இருந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறியவை. ஒரு கைலிக்குள் எலி குட்டி போட்டு வைத்திருந்தது, கண் திறக்காத குட்டிகள், இளஞ்சிவப்பாக நெளிந்தன. இதெல்லாமாவது போகட்டும். ரவிக்கைகளில் ஹூக்கை வெட்டி எடுத்துக்கொண்டு கொடுத்திருந்தார்கள். சட்டையில் பொத்தான் இல்லை. உள்பாவாடையில் நாடா இல்லை, உருவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சபையில் கொஞ்சம் வசதியான ஞானம்மா அக்கா ஒரு புடவை கொடுத்தாள். அதில் ஜரிகைக் கரையைக் கத்தரித்துக்கொண்டு நடுவை மட்டும் கொடுத்தாள். அதையும் கோழிக் கூண்டு மேல் போட்டு வைத்திருந்திருப்பாள் போலிருக்கிறது. கொடுக்கும்போது, நான் கொடுத்ததாகச் சொல்லி ஜெபம் பண்ணு என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

என் மூக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலிருந்தே எனக்கு எந்த நாற்றமும் ஆகாது. கல்யாண வீட்டில் இலை எடுக்கிற இடத்தில் நிற்க மாட்டேன். ஊரில் என்னை மூக்கம்மா என்றுதான் கேலி பண்ணுவார்கள். அது பெருமை, மேட்டிமை, ஆண்டவர் முன்னால் அறிக்கை பண்ணு என்று சங்கத்துப் பெண்கள் புத்தி சொல்வார்கள். நானும் ஒவ்வொரு உபவாசக் கூட்டத்திலும் இந்த அருவருப்பை என்னை விட்டு எடுத்துப் போடும் என்று ஜெபித்திருக்கிறேன். அவர் எடுக்கவே இல்லை.

இந்த மூட்டைகளை அப்படியே கொண்டுபோய், எல்லாவற்றையும் இழந்துவிட்டு நிற்கிறவர்கள் கையில் எப்படிக் கொடுப்பது? என் தங்கை கையிலேயே கொடுக்க நேர்ந்தால்? நினைக்கவே கூசியது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கொல்லையில் அண்டாவை ஏற்றினேன். சலவைச் சோடா போட்டு எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தேன். பனியன், ரவிக்கை, பாவாடையெல்லாம் வெந்த பிறகும் கறை போகாமல் பல்லை இளித்தன. தூக்கி எறிந்தேன். பழம்புடவைகளும் வேட்டிகளும்தான் மிஞ்சின. அவை எங்கே கிழிந்துவிடுமோ என்கிற அளவுக்கு மெலிந்திருந்தன. மழைக்காலம், வெயிலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் மில்லுக்கு எடுத்துப்போய், பாய்லர் சூட்டில் மொறுமொறுவென்று உலர்த்திக் கொண்டுவந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஐயே, இன்னாம்மா நீ. எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு நிக்கிறவனுக்குப் போயி வெள்ளாவி வெச்சுக்கினு கீறே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அண்டாவைத் தூக்கி அவள் மேல் கவிழ்த்திருப்பேன். ஒன்றும் இல்லாதவனுக்கு மூக்கு மட்டும் இருக்காதா?

லாரி கிளம்பியது. செம்பரம்பாக்கம் ஏரி கரை முட்ட நின்றது. பூந்தமல்லிக்குப் பிறகு ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டித் தள்ளி வழி பண்ணியிருந்தார்கள். மெட்ராஸுக்குள் நுழைந்ததும் நாற்றம் எதிரே வந்து நின்றது. சாக்கடை எது, தெரு எது என்று தெரியவில்லை. வயிறு ஊதிய எருமை ஒன்று ஒரு பெரிய கடை வாசலில் கிடந்தது. கடைக்காரர் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இருந்த அரிசியை நினைத்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். எருமை நாறியதா அவர் நாறினாரா என்று என்னால் சொல்ல முடியாது.

குப்பம் இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. படகுகள் ரோட்டில் கிடந்தன, மீன்கள் அழுகிக் கிடந்தன. பிழைத்தவர்களைப் பள்ளிக்கூடங்களில் வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய் லில்லி, லில்லி என்று கூப்பிட்டுப் பார்த்தோம்.

கடைசியாகப் போன பள்ளிக்கூடத்தை நான் மறக்க மாட்டேன். கக்கூஸ் நிரம்பி வழிந்து வராந்தா வரை வந்திருந்தது. ஊசிப்போன சாம்பார் சாதப் பொட்டலங்கள் மூலையில் குவிந்திருந்தன. யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்று வாசலில் மட்டும் அவர் நிற்கப் போகிற இடத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். உள்ளே ஜனங்கள் அந்த அசிங்கத்தின் மேலேயே சாக்கை விரித்துப் படுத்திருந்தார்கள். பவுடர் கோடு அவர்களுக்கு முன்னாலேயே நின்றுபோயிருந்தது.

அங்கேதான் என் லில்லி இருந்தாள்.

ஒரு வகுப்பறையில், ஈரத் தரையில், அப்போதுதான் பிரசவித்திருந்தாள். பெண் குழந்தை. பொதிந்து வைக்கத் துணி இல்லாமல் லில்லியின் புருஷன் தன் ஈரச் சட்டையில் குழந்தையைச் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடுங்கினார். லில்லிக்கு ரத்தம் நிற்கவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து அக்கா என்று உதடு மட்டும் அசைந்தது. காட்டு என்று ஆண்டவரிடம் கேட்டேன், காட்டினார். எடுத்துக்கொள்ளவா காட்டினீர் என்று அந்த இடத்திலேயே அவரோடு சண்டை போட்டேன். ஜெபம் என்று அதற்குப் பெயர் வைக்கலாமா தெரியாது. காட்டினது போதாது, கொடுத்துவிடும் என்று வாய்விட்டே கதறினேன்.

ஒரே ஒரு நர்ஸம்மா வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிவாரணத்துக்கு வந்த புது வேட்டிகள் கட்டுக்கட்டாக இருந்தன. கஞ்சி மொடமொடப்போடு முரட்டுத் துணி. அதில் ஒன்றை எடுத்து வைத்தால் ரத்தம் மேலேயே வழிந்தோடியது. அவர் தலை நிமிராமலேயே கேட்டார்.

"புதுசு ரத்தத்த இழுக்காதும்மா. பழம்பொடவ வேணும், நல்லா வேகவச்சு காஞ்சது. யாருகிட்டயாவது இருக்கா?"

கொடுக்க வெட்கப்பட்டு லாரியிலேயே விட்டுவந்த மூட்டை. ஓடினேன். எப்படி ஏறினேன், எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நர்ஸம்மா ஒரு புடவையை எடுத்து உதறினார், நீளநீளமாகக் கிழித்தார். மடித்து மடித்து வைத்து அழுத்தினார். அடிவயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நனைந்ததை எடுத்துவிட்டு வேறு வைத்தார். நான் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். என் கை, முழங்கை எல்லாம் ரத்தம். அன்றைக்கு எனக்குக் குமட்டவே இல்லை, அதை இப்போது எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். மெல்ல மெல்ல நனைவது குறைந்தது. குழந்தையைக் கரை வெட்டிய ஞானம்மா அக்காவின் புடவையில் சுற்றினோம். அதற்குச் சூடு ஏறி அழுதது. எங்கள் மில் லாரியிலேயே மிச்சத் துணியை மெத்தையாக விரித்து, லில்லியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தாள். வழியில் இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார்.

இதைச் சபையில் சொன்னபோது எல்லோரும் அழுதார்கள். ஸ்தோத்திர ஆராதனையில் ஞானம்மா அக்கா எழுந்து நின்று, நான் கொடுத்த புடவையால் ஒரு உயிர் பிழைத்தது, ஆண்டவர் என் காணிக்கையை ஏற்றுக்கொண்டார் என்று தானும் ஒரு சாட்சி சொன்னாள். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"அக்கா, உசுரு குடுத்தது ஆண்டவரு. நீ குடுத்தது நாத்தம்" என்றேன்.

போதகர் ஐயா அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். ஞானம்மா அக்கா சாகும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. குப்பையைக் கொண்டும் ஆண்டவர் காரியம் நடத்துவார். அதனால் குப்பை காணிக்கையாகிவிடாது.

அன்றோடு என் மூக்கை எடுத்துப் போடும் என்கிற ஜெபத்தை நிறுத்திவிட்டேன். அவர் அதை ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சகித்துக்கொள்கிறவளாக இருந்திருந்தால், மூட்டையைத் திறக்காமலேயே லாரியில் ஏற்றியிருப்பேன்.

இன்னொன்றும் எனக்குப் புரிந்தது. ஹூக்கை வெட்டிக்கொண்டு கொடுத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குப் பயம். இதைக் கொடுத்துவிட்டால் நமக்கு வேறு யார் கொடுப்பார் என்கிற பயம். பயந்த கை நல்லதைக் கொடுக்காது. நம் பரலோகப் பிதா இன்னொரு புடவை தருவார் என்று நம்பாத நாம், அவர் பாவத்தை மன்னிப்பார் என்று மட்டும் எப்படி நம்புகிறோம்? அதற்குப் பிறகு ஒவ்வொரு புயலுக்கும், நான் ஆலயத்துக்குக் கட்டிப் போகிற புடவையில் ஒன்றைக் கொடுக்கிறேன். இதுவரை கட்டப் புடவை இல்லாமல் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டில் உட்கார்ந்தது இல்லை. நீங்களும் அப்படி அவரை நம்பிப் பாருங்கள். பீரோவில் மேலே இருப்பதை எடுங்கள்.

இந்த வருடமும் கடலோரத்தில் புயல் அடித்திருக்கிறது. வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஆலய வாசலில் துணி சேர்க்கிறோம். மேஜையில் உட்கார்ந்து வாங்கப் போகிறவள் லில்லியின் மகள், அந்த வகுப்பறையில் பிறந்தவள். நீங்கள் கொடுக்கிற ஒவ்வொன்றையும் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.