துபாய் எந்த ஸ்டேட் மேடம்?

ராசிபுரத்தை அடுத்த ஆண்டகளூர் கேட் சுற்றுவட்டாரத்தில் சாரதாமணியைத் தெரியாத லாரிக்காரர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தருகிறார். லாரி, போர்வெல் ரிக், டிராக்டர், முட்டை வேன் எல்லாம் அவர் கையால் பாலிசி வாங்கியவை. ஒருமுறை தேர்தல் பிரச்சாரத்துக்காக மேலே மரக்குதிரை கட்டிய ஜீப்புக்கும் போட்டுக் கொடுத்தார். குதிரைக்குத் தனி பாலிசி வேண்டுமென்று கட்சிக்காரர் அடம்பிடித்தார். அது ஏற்கெனவே உயிரோடு இல்லை என்று விளக்க அரைநாள் ஆனது.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. படிவத்தில் ஓர் எழுத்தைக்கூடக் குத்துமதிப்பாக எழுத மாட்டார். அதற்குக் காரணம் பொன்னாயி. பொன்னாயியின் கணவர் மினி லாரி கவிழ்ந்து இறந்தபோது, பாலிசியில் சேசிஸ் நம்பரில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘என்’ இருந்தது. இது வேறு வண்டி என்று கம்பெனி கைவிரித்தது. அந்த எழுத்தை எழுதியவர் சாரதாமணியேதான். பொன்னாயியைக் கூட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித்தான் அதைச் சரிசெய்தார். அதன்பிறகு அவர் படிவம் நிரப்புவதைப் பார்த்தால் கல்வெட்டு செதுக்குவது போலிருக்கும்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன கோடையில் கௌசிக் வந்து சேர்ந்தான். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஒன்பது வருடம், விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன். அந்த வேலையை விட்டு அடுத்த வேலையில் சேர நடுவில் மூன்று மாதம் கிடைத்தது. மனைவி மோகனப்பிரியாவோடு தன் காரிலேயே ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் சுற்ற வேண்டும் என்று அந்தக் காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். வெளிநாட்டுக் காரை வரி இல்லாமல் கொஞ்ச காலம் கொண்டுவந்து திருப்பி எடுத்துப் போவதற்கென்று கார்னே என்று ஒரு புத்தகம் உண்டு. காருக்குப் பாஸ்போர்ட் மாதிரி. அது அவனிடம் பக்காவாக இருந்தது. ஆனால் துபாய் இன்சூரன்ஸ் இந்த மண்ணில் செல்லாது.

இன்சூரன்ஸ் இல்லாமல் சக்கரத்தை உருட்ட மாட்டேன் என்றுவிட்டான். சென்னைத் துறைமுகத்திலிருந்து கார் லாரியில் ஏறித்தான் ஊருக்கு வந்தது. வரவேற்க வந்த கூட்டத்துக்கு முதலில் தெரிந்தது லாரிதான். அதனால் சித்தப்பா சின்னண்ணன் மாலையை லாரிக்குப் போட்டுவிட்டார்.

“எவன்டா இங்க பேப்பர் கேக்கறான்? சும்மா ஓட்டுடா” என்றார் அவர்.

“முட்டிட்டா யார் சித்தப்பா பொறுப்பு?”

“முட்டுனவன்தான்!”

கார் சின்னண்ணனின் காலிக் கோழிப்பண்ணைக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. சாரதாமணி வந்து பார்த்தார். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. நம்பர் பிளேட்டில் ஓர் இங்கிலீஷ் எழுத்து, ஐந்து இலக்கம், கொஞ்சம் அரபி.

“ஒரு வாரத்துல முடிச்சுத் தாரேன் சாமி” என்றார். அவர் வாக்குத் தவறியது அந்த ஒருமுறைதான்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை மேலாளர் தீனதயாளன் ஆத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். மிக நல்ல மனிதர். கம்ப்யூட்டர் சொன்னதை ஒருநாளும் மீறியதில்லை. வண்டி நம்பர் கட்டத்தில் முதல் இரண்டு எழுத்து மாநிலத்தின் குறியீடாக இருக்க வேண்டும். பட்டியலை மேலும் கீழும் தேடிவிட்டு அவர் கேட்டார்:

“துபாய் எந்த ஸ்டேட் மேடம்?”

“அது வேற நாடுங்க சார்.”

“எனக்கும் தெரியும் மேடம். இதுக்குத் தெரியலயே!”

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தவர் முகம் மலர்ந்தார். “டிடின்னு போட்டா எடுத்துக்குது.”

“அது டாமன் டையூவுங்க சார்.”

“இருந்தா என்னா? அதுவும் கடலோரம், இதுவும் கடலோரம்.”

பிரிண்ட் எடுக்கப் போன கையை சாரதாமணி தடுத்தார். “இன்னைக்கு மிஷின் எடுத்துக்குமுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இதே மிஷின் எடுத்துக்காதுங்க. என்னால மறுபடி அலைய முடியாது.”

தீனதயாளன் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். தலைமை அலுவலகம் பதினெட்டு நாள் யோசித்து, அந்தக் கார் இந்த ஊரில் பதிவாகவில்லை என்று போக்குவரத்து அலுவலகத்தில் சான்று வாங்கி வரச் சொன்னது. அது எந்த ஊர் அலுவலகம் என்று இங்கே சொல்வதற்கில்லை. சாரதாமணி அங்கே ஏழு முறை போனார். இரண்டு முறை சம்பந்தப்பட்டவர் லீவு. ஒருமுறை சம்பந்தப்பட்டவர் யார் என்பதை முடிவு செய்கிறவர் லீவு.

இதற்கிடையில் கொட்டகையில் வேறொன்று நடந்தது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று கௌசிக் தினம் மாலை காரைக் கொட்டகை வாசலுக்குத் தள்ளி நிறுத்தி, அரைமணி நேரம் இஞ்சினை ஓடவிட்டு ஏசியும் போடுவான். வெளியே வெயில் கொளுத்தியது. முதலில் சித்தி வந்து உட்கார்ந்தார். பிறகு சொந்தக்காரர்கள் முறை வைத்து வர ஆரம்பித்தார்கள். நான்கு நான்கு பேராக ஏறி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நேராகப் பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். வண்டி ஓர் அடிகூட நகராது.

“ஏற்காடு போய்ட்டு வந்தாப்புல இருக்குது கண்ணு” என்று இறங்கினார் சித்தி.

கௌசிக்கும் மோகனப்பிரியாவும் நிஜமான ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போய் வந்தார்கள். திரும்பும்போது உட்கார இடம் கிடைக்கவில்லை. இறங்கியதும் மோகனப்பிரியா சொன்னாள்: “காரைக் கப்பல்ல அனுப்பிட்டு நாம பஸ்ல நிக்கறோம். உங்க ஆபீஸ்ல இதுக்கு ஏதாவது பேர் இருக்குதுங்களா?”

அவனுக்கு முகம் செத்துவிட்டது. அன்றே சாரதாமணிக்குப் போன் செய்து, “விட்டுருங்கக்கா, திருப்பி ஏத்தி அனுப்பிடறேன்” என்றான். சாரதாமணிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. படிவத்தில் பிழை விட்டால்தான் ஒருவரைக் கெடுக்க முடியும் என்று நினைத்திருந்தவர் அவர். பிழையே விடாமலும் கெடுக்கலாம் போலிருக்கிறதே.

மறுநாள் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. “தங்கள் வாகனம் எமது பதிவேட்டில் இல்லாத காரணத்தால், அது எமது பதிவேட்டில் இல்லை எனச் சான்றளிக்க இயலாது.” கீழே கையெழுத்து, தேதி, வட்ட முத்திரை.

அதை மூன்று தரம் படித்தவர், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கொட்டகைக்கு ஓடினார். கௌசிக் படித்துவிட்டு, “முடியாதுன்னுதானேக்கா எழுதியிருக்காங்க?” என்றான்.

“நல்லாப் பாரு சாமி! பதிவேட்டுல இல்லைன்னு அவங்களே எழுதிச் சீலும் வெச்சுக் குடுத்துட்டாங்க. இதுக்கு மேல என்ன சான்று வேணும்?”

முதல் பாதியை மஞ்சள் பேனாவால் கோடிட்டு அனுப்பினார். தலைமை அலுவலகமும் முதல் பாதியை மட்டுமே படித்தது. கௌசிக் வந்த எண்பத்தோராம் நாள் பாலிசி வந்தது. மாநிலக் கட்டத்துக்காக யாரோ கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மாநிலத்தையே உண்டாக்கியிருந்தார்கள். அதன் பெயர் ‘மற்றவை’.

மறுநாள் காலை கார் தார்ச்சாலையைத் தொட்டது. கௌசிக் வற்புறுத்தி சாரதாமணியையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டான். ராசிபுரம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் போகும்போது ஒரு போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டே சாலை நடுவுக்கு வந்துவிட்டார். வலப்பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.

“ஏம்மா, ரெண்டு கையாலயும் போனப் புடிச்சுக்கிட்டு, பின்னால திரும்பிப் பேசிக்கிட்டே வண்டி ஓட்டறியே! லைசென்ஸை எடு.”

“எனக்கு ஓட்டவே தெரியாதுங்க” என்றாள் மோகனப்பிரியா.

போலீஸ்காரர் ஓர் அடி பின்வாங்கினார். “அப்பறம் யாரு ஓட்டறது?”

“நானுங்க சார்” என்று இடப்பக்கமிருந்து கௌசிக் கையைத் தூக்கினான்.

அவர் காரைச் சுற்றி வந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அபராத மிஷினில் அந்த நம்பரை அடித்தார். மிஷின் ஏற்கவில்லை. சாரதாமணி பாலிசியையும் கார்னே புத்தகத்தையும் நீட்டினார். போலீஸ்காரர் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பேப்பரெல்லாம் சரியாத்தான் இருக்குதுங்கம்மா. ஆனா இவ்வளவு சரியா இருக்கறதுதான் சந்தேகமா இருக்குது” என்றவர், கடைசியில் காரோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தார்.

கொஞ்ச தூரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். காரைச் சுற்றிக் கூட்டம் கூடியது. மினி லாரியில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றி வந்திருந்த ஒருவர் மட்டும் காரைப் பார்க்காமல் பாலிசியைப் பார்த்தார்.

“இதுக்கே வாங்கிட்டீங்களா? என்ற டிராக்டருக்கு நாலு மாசமா இழுத்தடிக்கறாங்க.”

சாரதாமணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “வண்டி எங்க நிக்குதுங்க?”

“தோட்டத்துலதான். ரெண்டு கிலோமீட்டர்.”

கௌசிக் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். “ஏறுங்கக்கா. கொல்லிமலை போலாம்.”

“நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க சாமி. எனக்கு அந்த ஏசி சேரலை.” அவர் ஏற்கெனவே கிழங்கு வண்டியின் படியில் கால் வைத்திருந்தார்.