பிரிக்காத கட்டு

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கிற அந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை காலை என்றால் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். முந்தின நாள் புரை எடுத்துக்கொண்டவர்கள் ஒற்றைக் கண் கட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் அகிலா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஏழுமலையான் படம் மாட்டிய சுவருக்கு நேராக உட்கார வைத்துக் கட்டைப் பிரிப்பாள். கண் திறந்ததும் எதிரே பெருமாள். கைகூப்பாமல் எழுந்தவர் கிடையாது. புரட்டாசியில் அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் வரிசையில் ஒரு நாற்காலி கடைசி வரை காலியாகவே இருந்தது.

அகிலா ஆந்திர எல்லையோரத்து நகரிப் பெண். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். அதனாலேயோ என்னவோ குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, டாக்டர் படிப்புக்கு இங்கிலீஷ் என்று மூன்றோடும் மல்லுக்கட்டி, திருப்பதியில் எம்.பி.பி.எஸ். முடித்து, அங்கேயே கண் மருத்துவத்தில் எம்.எஸ். வாங்கினாள். பிறகு ஒரு தர்ம ஆஸ்பத்திரி வேனில் ஊர் ஊராக முகாம் போனாள். கை பழகியது அங்கேதான். சொந்தமாக ஆஸ்பத்திரி போட்டது புத்தூரில். திங்கட்கிழமை சித்தூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து சர்க்கரை நோயாளிகளின் கண்ணைப் பார்ப்பாள். வியாழக்கிழமை புத்தூரில் ஆபரேஷன். மற்ற நாளெல்லாம் கண்ணாடி, கண்வலி, கண்ணில் விழுந்த தூசி. தமிழில் பேசுகிற டாக்டரம்மா என்று நகரியிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வருவார்கள்.

புரை ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பதில்லை. கண் மட்டும் மரத்திருக்கும், ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பார். பயந்துபோய்த் தலையை அசைத்தால் போச்சு. அதற்காகவே அகிலா வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், மாங்காய் இந்த வருஷம் எப்படி, மருமகள் சோறு போடுகிறாளா? கடைசியில் கட்டுப் போடும்போது எல்லாரிடமும் ஒரே வார்த்தை: "நாளைக்கு இத்தப் பிரிச்சதும் மொத மொதல்ல பெருமாளத்தான் பாக்கப் போறீங்க." அந்த வார்த்தையிலேயே பாதி வலி போய்விடும் என்று நர்ஸ் ஸ்ரீதேவி சொல்லுவாள். சும்மா சொல்லக்கூடாது, அது உண்மையும்கூட.

அந்த வியாழக்கிழமை கடைசியாக மேசையில் படுத்தவள் செங்கம்மா. நகரியில் தறிக்கு நூல் சுற்றிப் பிழைக்கிறவள். புருஷன் இல்லை; மகன் சுரேஷ்பாபுவுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் புரை.

"எனக்கு இது ஒண்ணுதாம்மா," என்றாள் படுத்தபடியே. "இதுவும் பூட்சின்னா நூல் முனை எங்க கீதுன்னுகூடத் தெரியாது."

"போவாது. ஆடாம படுங்க," என்றாள் அகிலா.

ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது. கட்டைப் போட்டுவிட்டு அகிலா வழக்கமான வார்த்தையைச் சொன்னாள். செங்கம்மா, "நெஜமாவா? பெருமாளையா?" என்று கேட்டாள். "பெருமாளையேதான்," என்றாள் அகிலா கையுறையைக் கழற்றிக்கொண்டே. துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக் கங்கம்மாளிடம், காலையில் அழைத்து வரச் சொல்லி சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் வரவில்லை. ஸ்ரீதேவி போன் போட்டுப் பார்த்தாள், சுவிட்ச் ஆஃப். "சாயங்காலம் வரும், விடு," என்றாள் அகிலா. சாயங்காலக் கூட்டத்தில் அது மறந்தே போயிற்று.

சனிக்கிழமை கதவைத் திறக்கும்போதே பாலையா வாசலில் நின்றிருந்தார். செங்கம்மாவுக்கு முன்னால் அதே மேசையில் படுத்த கரும்பு விவசாயி. நேற்றுக் கட்டைப் பிரித்ததும் பெருமாளைக் கும்பிட்டு, காலண்டரில் நல்ல நேரம் வரை படித்துக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனவர். இன்று கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"விடிஞ்சதுலேர்ந்து குத்திக்கினே கீதும்மா. மசமசன்னு வேற கீது."

அகிலா அவர் கையை விலக்கி விளக்கை அடித்துப் பார்த்தாள். கருவிழிக்குள்ளே, அடியில், வெள்ளையாகச் சீழ் தேங்கி நின்றது.

கண் டாக்டருக்கு இதைவிடப் பொல்லாத காட்சி கிடையாது. கிருமி கண்ணுக்குள்ளேயே புகுந்துவிட்டது. சட்டென்று மருந்து செலுத்தினால் கண் தப்பலாம். விட்டுவிட்டால் பார்வையைத் தின்றுவிட்டுத்தான் ஓயும். அதிலும் ஒருவருக்கு வந்தால், அன்றைக்கு அந்த அறையில் படுத்த எல்லாருக்குமே வரலாம். கண்ணுக்குள் விட்ட மருந்துத் தண்ணீரா, கருவியா, இல்லை தன் கையேதானா? அகிலாவுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பரிசோதனைக்கு எடுத்து வைக்கச் சொன்னாள். பாலையாவின் கண்ணுக்குள் ஊசி போட்டு, மகனோடு காரில் ஏற்றித் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஆபரேஷன் அறையைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆட்களை எல்லாம் ஸ்ரீதேவி போன் போட்டு வரவழைத்தாள். ஒவ்வொரு கண்ணாக விளக்கடித்துப் பார்த்தாள் அகிலா. தெளிவாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. செங்கம்மாவை மட்டும் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் சுரேஷ்பாபு கிடைத்தான். "அம்மா அங்கதானே கீது?" என்றான். "நான் ஷிப்ட்ல கீறேன் மேடம். நீங்களே ஆஸ்பத்திரில வெச்சிக்கினு பாத்துக்கறீங்கன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்." கங்கம்மாள் வீட்டுக்குப் போன் செய்துவிட்டு அவன் மறுபடி கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது.

"திருமலைக்குப் போயிருக்குது மேடம். நேத்து காலையிலயே, கங்கம்மா அத்தையக் கூட்டிக்கினு. கட்டப் பிரிக்கவே இல்லியாம். மொத மொதல்ல பெருமாளத்தான் பாக்கணும்னு டாக்டரம்மாவே சொன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதே அந்தப் படத்தக் காட்டத்தானே, படம் இன்னாத்துக்கு, மலைக்கே போயி நேர்ல பாத்துக்கறேன்னு சொல்லிச்சாம்."

அகிலா கார் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டே, "வலிச்சா பிரிச்சிடுவாங்க இல்ல?" என்று கேட்டாள்.

"பிரிக்காது மேடம். முன்ன ஒருதபா கை ஒடஞ்சி புத்தூர் கட்டுப் போட்டோம். துடியாத் துடிச்சிது, ஆனா கட்டத் தொடவே இல்ல. அதனாலதான் எலும்பு கூடிச்சின்னு இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்கும்."

எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அகிலா நொந்துகொண்டாள். இந்தச் சுற்று வட்டாரத்தில் கட்டு என்றால் பிரிக்காமல் பொறுத்துக்கொள்வதுதான் வைத்தியம். கண்ணுக்கு அப்படி இல்லை, வலித்தால் ஓடி வந்துவிடுங்கள் என்று அவளிடம் வாயைத் திறந்து சொன்னோமா? பெருமாள் பெருமாள் என்று மட்டும்தானே சொன்னோம்.

சுரேஷ்பாபு வேலையைப் போட்டுவிட்டுப் பைக்கில் வந்து சேர்ந்தான். அகிலா மருந்தையும் டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு தானே காரை ஓட்டினாள். புரட்டாசி சனிக்கிழமை, கேட்க வேண்டுமா? மலையடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடியில் பாதித் தமிழ்நாடே வண்டியோடு நின்றிருந்தது. ஒவ்வொரு வண்டியாகத் திறந்து பார்த்துத்தான் விட்டார்கள். அகிலா ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மலை அவளுக்குப் பிடிக்கவில்லை.

தரிசன வரிசைக்குள் போய்விட்டவரை வெளியே கூப்பிட வழி கிடையாது. செல்போனையும் நுழைவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுவார்கள். "செல்லத் திருப்பி வாங்க வந்துதானே ஆவணும்," என்றான் சுரேஷ்பாபு. அந்தக் கவுன்ட்டர் பக்கத்திலேயே நின்றார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். மொட்டை போட்ட வயசான பெண் யார் வந்தாலும் சுரேஷ்பாபு ஓரடி முன்னால் போவான், திரும்ப வந்து நிற்பான்.

வெயில் இறங்கும் நேரத்தில் கங்கம்மாள் கையைப் பிடித்து நடத்திவர, செங்கம்மா வந்தாள். தலையில் முடி இல்லை. கண்ணில் கட்டும் இல்லை. இமை பலாச்சுளையாக வீங்கிக் கிடந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"மொட்டை போட்டு, புஷ்கரணில முழுகிட்டுத்தான் வரிசைக்கு வந்திச்சி," என்றாள் கங்கம்மாள். "கட்டு நனஞ்சி ஊறிப் பூட்சி. அப்பவும் பிரிக்க வுடல."

"இப்டி உக்காருங்கம்மா," என்று அகிலா செங்கம்மாவைப் படிக்கட்டில் உட்கார வைத்தாள். குரலை அடையாளம் கண்டு செங்கம்மா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். கை கொதித்தது.

"பாத்துட்டேன் டாக்டரம்மா. நீங்க சொன்ன மாதிரியே மொத மொதல்ல அவரத்தான் பாத்தேன். உள்ளார அம்மி வெச்சி அரைக்கிற மாதிரி வலி. சோதிக்கிறாருன்னு பல்லக் கடிச்சிக்கினு நின்னேன். சன்னிதிக்கு நேரா வந்ததும் பிரிச்சிட்டேன். நாமம் தெரியல, நகை தெரியல. பால் ஊத்தின மாதிரி வெள்ளையா நின்னாரு. கங்கம்மாவுக்கு அப்டித் தெரியலியாம். எனக்கு மட்டும் வெளிச்சமாவே வந்தாரு."

அந்த வெள்ளை என்ன என்று அகிலாவுக்குத் தெரியும். டார்ச்சை எடுத்து, இமையை மெதுவாகத் தூக்கினாள். கருவிழி முழுக்கச் சீழ். சுரேஷ்பாபு எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மா, வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் அகிலா.

செங்கம்மா சந்தனத் தலையை நிமிர்த்திக்கொண்டு, சொன்னபடி கேட்கிற நோயாளியாக அசையாமல் காத்திருந்தாள்.

"லைட்டப் போடுங்கம்மா," என்றாள் சிரித்தபடி. "போட்டாத்தானே சொல்ல முடியும்."

டார்ச் அவள் கண்ணுக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது.