முதுகுக்கு ஒரு ஒப்பந்தம்

ஹாலிவுட்டுக்கு வந்த பதினேழு மாதத்தில் எமில் கோவார் முப்பத்தொரு பெண்களிடம் காதலைச் சொல்லிவிட்டான். அத்தனை முறையும் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான்.

நடிகன் என்றுதான் ஒப்பந்தம். ஆனால் புதுப்பெண்களுக்கு ஸ்கிரீன் டெஸ்ட் எடுக்கும்போது எதிரே நின்று வசனம் கொடுப்பதைத் தவிர வேறு வேலை தரவில்லை. படத்தில் பெண்ணின் முகம் தெரியும். அவனுடைய பிடரியும் ஒரு காதும் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று ஸ்டுடியோ முடிவு செய்யும். இந்த முறை அது வெள்ளிக்கிழமை.

சொந்த ஊரான ஒமாஹாவில் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்க்கும் அப்பா எழுதியிருந்தார்: "உன் அம்மா சனிக்கிழமை தவறாமல் தியேட்டருக்குப் போகிறாள். எந்தப் படத்தில் வருகிறாய் என்று ஒரு வரி எழுது." பாதியில் விட்டாலும், அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அந்த ஒரு வரியை எழுத அவனால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தவள் வெர்னா, ஓட்டலில் பரிமாறும் பெண்.

"வசனம் மறந்துடும்னு பயமா இருக்கு."

"என் வாயயே பாரு. மறந்தா சத்தமில்லாம சொல்லித் தர்றேன். காமிராவுக்கு என் பிடரிதான் தெரியும்."

எல்லாப் பெண்களுக்கும் அவன் செய்வதுதான். வெர்னா தடுமாறாமல் முடித்தாள். காமிராவில் கொஞ்சம் பிலிம் மிச்சமிருந்தது. எமில் காமிராக்காரர் ரூடியிடம் போய் நின்றான்.

"ரூடி அண்ணே, அந்த மிச்சத்துல என்னை ஒரு தடவ எடுங்களேன். என் முகத்த."

"உனக்கு முகம் ஒண்ணு இருக்குன்னே இப்பத்தான்யா தெரியுது!"

சிரித்தாலும் ரூடி காமிராவைத் திருப்பினார். அதே காட்சி. இப்போது வெர்னாவின் முதுகு, எமிலின் முகம்.

வியாழக்கிழமை ஸ்டுடியோ ஆட்கள் அதைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் எமில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் முகம் வந்தது. நல்ல முகம்தான். தன் வசனத்தைத் தெளிவாகச் சொன்னான். பிறகு வெர்னா பேசினாள். அவள் பேசப்பேச, திரையில் அவன் உதடுகளும் கூடவே அசைந்தன, ஒரு சொல் விடாமல்.

"என்னய்யா இவன், அந்தப் பொண்ணோட பேச்சையும் சேத்து மெல்லுறான்!"

முன்வரிசையில் ஒருவர் சொல்ல, அறையே சிரித்தது. எமிலுக்குக் காது சுட்டது. அங்கே நின்றபோது உதடு அசைந்தது அவனுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் இயக்குநர் ஹாலிஸ் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னும் ஆறு மாசத்துக்கு உன் ஒப்பந்தத்த நீட்டியாச்சு. நீ எதிர்ல நின்னா எல்லாப் பொண்ணும் எப்படி அசத்துதுன்னு நேத்துதான் புரிஞ்சுது."

"சார், அந்தப் பழக்கத்த விட்டுடுறேன். இன்னொரு தடவ என் முகத்த எடுத்துப் பாருங்க."

"விட்டுத் தொலைச்சிடாதய்யா. சம்பளமே அதுக்குத்தான்."

படித்தவன் என்பதால் ஒப்பந்தக் காகிதத்தை இரண்டு முறை வாசித்தான். முகத்தைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. கையெழுத்துப் போட்டான். வேண்டாம் என்று எழுந்து வந்திருக்கலாமே என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் தன்னையே கேட்டுக்கொண்டான். ஒமாஹாவுக்குத் திரும்பிப் போய் எதைச் சொல்வது?

திங்கட்கிழமை ஒரு புதுப்பெண். மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். அவள் கண் அவன் வாய்க்கு வந்தது. இனி யாருக்கும் சொல்லித் தருவதில்லை என்று முடிவெடுத்து வந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் கண் கலங்கியது.

"கட்! எமில், என்ன ஆச்சுய்யா உனக்கு இன்னைக்கி?"

"ஒண்ணுமில்ல சார். இன்னொரு தடவ போகலாம்."

மறுபடியும் அதே வரியில் அவள் நின்றுவிட்டாள். எமிலின் உதடுகள் அசைந்தன, எரிச்சலோடு, ஒரு சொல்லும் பிசகாமல். அவள் முகம் மலர்ந்தது. காமிரா அதை எடுத்துக்கொண்டது.