தென் கரோலினாவும் மாமாவின் வாக்கும்

2009 இலையுதிர்காலத்தில் நாங்கள் மோர்டனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பெற்றோருக்கு ஓர் அறை, அக்காவுக்கும் எனக்கும் ஓர் அறை. முன்பக்கத்துச் சின்ன அறை மாமாவுக்கு. அவர் அம்மாவின் தம்பி. அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அப்பா தன் வேலைக்குக் கிட்டவாக மனோர் பார்க்கில் வேறொரு வீடு பார்த்திருந்தார். அதில் இரண்டே அறைகள். ஆனால் என் ஒரே தோழி அந்தத் தெருவுக்குக் குடிபோயிருந்தாள். ஆகவே பதினொரு வயதான எனக்கு அது அரண்மனை.

அந்த வாரம் பள்ளியில் அமெரிக்க வரலாறு. 1860ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் தென் கரோலினாவில் மட்டும் மக்கள் வாக்களிக்கவில்லை, சட்டசபையே முடிவெடுத்தது என்று ஆசிரியை சொன்னதைச் சாப்பாட்டு மேசையில் ஒப்பித்தேன்.

“அப்ப சனத்தைக் கேக்கேல்லையோ? எங்கட வீடு மாதிரித்தான்,” என்று மாமா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“பகிடி இல்லை மாமா. அங்க பாதிக்கு மேல அடிமையள். அவையை ஒருத்தரும் மனிசராக்கூட எண்ணேல்லை,” என்றேன்.

அப்பா கையுயர்த்தினார். “சரி, வீடு மாறுறதுக்கும் ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பம்.”

“மாமாவுக்கும் வாக்கு வேணும்!” என்று கத்தினேன்.

“மாமாவுக்குக் கவுன்சில் எலெக்‌ஷனிலயே போடேலாது,” என்றாள் அக்கா.

“இது தென் கரோலினா இல்லை,” என்றேன்.

மாமா பிட்டைக் குழைத்தபடி, “நான் இண்டைவரைக்கும் ஒரு வாக்கும் போட்டதில்லை,” என்றார்.

மறுநாள் மாடிப்படியில் அவரை மறித்தேன். “மாமா, மாறுறதுக்கு உங்கட வாக்கை எனக்குத் தருவியளோ?”

அவர் தன் அறைக் கதவை ஒருமுறை பார்த்தார். “ஓம், தாறன்.”

ஞாயிற்றுக்கிழமை, மாறுவதற்கு அப்பாவும் நானும் கையுயர்த்தினோம். அம்மாவும் அக்காவும் உயர்த்தவில்லை. மெதுவாக மாமாவின் கை எழுந்தது. நான் துள்ளிக் குதித்தேன்.

“தம்பி, உனக்கென்ன விசரே?” என்றார் அம்மா.

“பிள்ளைக்கு வாக்குக் குடுத்திட்டன் அக்கா.”

அம்மா எழுந்துபோய், கழுவிவைத்த கோப்பைகளை மறுபடி கழுவத் தொடங்கினார். தேர்தல் என்றால் யாராவது தோற்கத்தானே வேண்டும் என்று நான் பின்னாலேயே சென்று அவருக்கு விளக்கினேன்.

வீடு மாறும் நாளில் மாமாவின் பெட்டி மட்டும் வாசலில் தனியாக இருந்தது. சாமான் ஏற்ற வந்த வானில் முதலில் ஏறப்போவது அதுதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.